தானா வந்து ஒத்துக்கிட்டா சீனாவுல மன்னிப்பா, மரண தண்டனையா?

சப்டைட்டில்_சங்கர்:

மக்களே ஒரு சந்தேகம், ரெண்டு நாளா மண்டைய குடையுது. எனக்கு நைட்டு ஒரு எபிசோடாவது சீன சீரியல் பாக்கலேன்னா தூக்கம் வராது. போன வாரம் ஒண்ணு பாத்தேன், தாங் ராஜவம்ச காலத்துக் கதை. ஒரு பய கடையில பட்டுத்துணி கட்டு கட்டா திருடிட்டு, ரெண்டு நாள் கழிச்சு மனசு உறுத்தி அவனே ஆபீஸர் வாசல்ல வந்து முட்டி போட்டு எல்லாத்தையும் சொல்லிடறான், அவரும் துணிய வாங்கி கடைக்காரன்கிட்ட குடுத்துட்டு இவன போடான்னு அனுப்பிடறாரு. ஒரு பிரம்படி கூட இல்ல. சரி சீரியல்தானேன்னு விட்டுட்டேன்.

அடுத்து பாத்தது இந்தக் காலத்து போலீஸ் கதை. அதுல ஒரு பையன அப்பா அம்மாவே கையப் புடிச்சு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு வர்றாங்க, அவனும் அழுதுகிட்டே ஒண்ணு விடாம சொல்றான், கடைசி எபிசோட்ல மரண தண்டனை. ரெண்டு சீரியல்லயும் காதுல விழுந்தது ஒரே வார்த்தைதான், 'ட்ஸு ஷோ', சப்டைட்டில்ல சரண்டர்னு போடறான். ஒரே வார்த்தைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறான், இன்னொருத்தன் சாவுறான். நிஜமாவே சட்டம் இப்படி தலைகீழா மாறிடுச்சா, இல்ல ரெண்டுல ஒண்ணு கப்சாவா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஓலை:

சங்கர் தம்பி, ரெண்டுமே கப்சா இல்ல. நான் பழைய சீனச் சட்டம் கொஞ்சம் படிச்சவ, அதனால தாங் காலத்து ஆளப் பத்தி நான் சொல்றேன், அந்தப் பையன் கதைய வக்கீல்ங்க யாராவது பாத்துக்கட்டும்.

மொதல்ல அந்த வார்த்தை. 'ட்ஸு'ன்னா தான், தன்னோடன்னு அர்த்தம். 'ஷோ'ன்னா சாதாரணமா தலை, ஆனா பழைய சட்ட பாஷையில அதே எழுத்துக்கு குத்தத்த வெளிய சொல்றதுன்னும் ஒரு பொருள் உண்டு. நம்ம ஊர் பேப்பர்ல 'கோர்ட்டில் சரண்'னு தினம் வருதே, அதோட போட்டு குழப்பிக்காதீங்க. இங்க வக்கீலோட கோர்ட்டுக்குப் போய் நின்னுட்டு நான் எதுவுமே பண்ணலன்னு சொல்லலாம். அங்க வந்து நின்னா மட்டும் பத்தாது, வாயத் தொறந்து நடந்தத நடந்தபடி சொல்லணும், இல்லேன்னா அது ட்ஸு ஷோ கணக்குலயே வராது.

தாங் சட்டத்துக்கு 653ல அரசாங்கமே உரை எழுதி வெளியிட்டுச்சு, மொத்தம் 502 பிரிவு, அதுல 37வது இதுதான். குத்தம் வெளிய தெரியறதுக்கு முன்னாடி தானே வந்து சொன்னா அந்தக் குத்தத்த மன்னிக்கணும், இதுதான் முதல் வரி. தண்டனைய குறைக்கறது இல்ல, மொத்தமா மன்னிப்பு, அதுவும் ஆபீஸர் மனசு வெச்சா இல்ல, சட்டப்படி. உரையில அதுக்குக் காரணமும் எழுதியிருக்கு, தப்பு பண்ணிட்டு திருந்தாம இருக்கறதுதான் நிஜமான தப்பு, இவன் திருந்தி வந்துட்டான், அப்புறம் என்னன்னு.

ஆனா திருடின பொருள் திரும்ப வந்தாகணும். மாட்டினா எடுத்ததுக்கு ரெண்டு மடங்கு கட்டணும்னு இருந்தது, தானா வந்தா எடுத்தத மட்டும் குடுத்தா போதும். உங்க சீரியல்ல துணிய கடைக்காரன்கிட்ட குடுக்கற சீன், அது யாரோ படிச்சவங்க எழுதியிருக்காங்க தம்பி. இன்னொரு பிரிவுல திருடன் ஆபீஸுக்கே போகாம நேரா பொருளோட சொந்தக்காரன்கிட்ட போய் ஒத்துக்கிட்டாலும் ஆபீஸர்கிட்ட சொன்ன மாதிரிதான்னு இருக்கு.

பாதி சொல்லி பாதிய அமுக்கினா நடக்காது. 20 கட்டு பட்டு திருடினவனுக்கு ரெண்டரை வருஷம் கட்டாய வேலைன்னு வெச்சுக்கோங்க, அவன் வந்து 10தான் எடுத்தேன்னு சொல்லி அப்புறம் மீதி 10 தெரிய வந்தா, அந்த சொல்லாத 10க்கு ஒன்றரை வருஷம். அதே மாதிரி, பக்கத்து வீட்டுக்காரன் நம்மள போட்டுக் குடுக்கப் போறான்னு தெரிஞ்சு அடிச்சு புடிச்சு ஓடி வந்து சொன்னா முழு மன்னிப்பு கிடையாது, தண்டனை வரிசையில ரெண்டு படி குறைப்புதான்.

இப்ப முக்கியமானது, யாருக்கெல்லாம் இந்த மன்னிப்பு கிடையாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஒருத்தனுக்கு உடம்புல காயம் பண்ணியிருந்தா கிடையாது, ஈடு கட்டவே முடியாத பொருள அழிச்சிருந்தா கிடையாது, முறைகேடான உறவுக்கு கிடையாது, எல்லைச் சாவடிய திருட்டுத்தனமா தாண்டினவனுக்கு கிடையாது, அப்புறம் கடைசியா பாருங்க, வீட்டுல ஒளிஞ்சு வானசாஸ்திரம் படிச்சவனுக்கும் கிடையாது! மொத தடவ படிச்சப்ப சிரிச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, திருடின துணிய திருப்பிக் குடுக்கலாம், மண்டைக்குள்ள ஏறின படிப்ப எப்படி திருப்பிக் குடுக்கறது? அந்தக் காலத்துல நட்சத்திரம் பாத்து ராஜாவோட ஆயுச கணிக்கறது ராஜ்ஜிய விவகாரம், அந்த அறிவு தனி ஆள்கிட்ட இருந்தாலே ஆபத்து. காயம், உறவு, படிப்பு, எல்லாமே பழைய நிலைக்கு கொண்டு போக முடியாத சமாச்சாரம். நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் அந்தச் சட்டம் இவன் மனசார வருந்தறானான்னு ரொம்ப நோண்டல, பண்ணினத இல்லாம ஆக்க முடியுமான்னுதான் பாத்துச்சு.

சப்டைட்டில்_சங்கர்:

அக்கா செம. வானசாஸ்திரம் மேட்டர்ல நானும் சிரிச்சுட்டேன். சின்ன டவுட்டு, அவனே வரணுமா, இல்ல வீட்டுல இருக்கறவங்க வந்து சொன்னாலும் செல்லுமா?

பழைய_ஓலை:

செல்லும், அங்கதான் வேடிக்கையே. ஆள் அனுப்பி சொல்லலாம். அதுவும் இல்லாம, குடும்பத்துக்குள்ள ஒருத்தர் குத்தத்த ஒருத்தர் மறைக்கலாம்னு சட்டமே அனுமதி குடுத்திருந்தது, அந்த நெருங்கின சொந்தத்துல யாராவது போய் இவனப் பத்தி புகார் குடுத்தாலும் இவனே வந்து ஒத்துகிட்ட கணக்கு. ஆனா பெத்த அப்பன் மேல மகன் புகார் குடுக்கறது இன்னொரு பிரிவுல பெரிய குத்தம், தேசத்துரோகம் மாதிரி விஷயங்கள தவிர, கழுத்த நெரிச்சுக் கொல்ற தண்டனை. அதாவது அப்பன் திருடினான்னு மகன் போய் சொன்னா, அப்பன் வீட்டுக்குப் போகலாம், மகன் கொலைக்களத்துக்குப் போகணும்.

ஈடு கட்ட முடியாததுக்கு மன்னிப்பு இல்லங்கற எண்ணமும் தாங்ல திடீர்னு முளைச்சது இல்ல. கிமு 122ல ஹான் பேரரசுல ஹெங்ஷான் நாட்டு சிற்றரசன் பேரரசருக்கு எதிரா சதி பண்றான், அவன் மகன் லியூ ஷியாவும் அதுல கூட்டு. யாராவது காட்டிக் குடுத்துடுவாங்கன்னு பயந்து, முன்னாடியே தானா சொன்னா குத்தம் போயிடும்னு சட்டம் இருக்கேன்னு கேள்விப்பட்டு, அவனே போய் எல்லாத்தையும் கக்கிட்டான். அப்பன் தற்கொலை. சதிக் குத்தம் மகன் மேல இருந்து நிஜமாவே நீங்கிடுச்சு, சட்டம் சொன்ன வாக்க காப்பாத்துச்சு. ஆனா விசாரணையில அப்பனோட பணிப்பெண்ணோட தொடர்பு இருந்தது வெளிய வந்து, அதுக்காக சந்தையில வெச்சு கொன்னுட்டாங்க. ராஜதுரோகத்துல தப்பிச்சவன் அதுல மாட்டினான்.

கருப்புக்கோட்டு:

அக்கா எழுதினதுக்கு அப்புறம் நான் எழுதறது கொஞ்சம் வறட்சியாத்தான் இருக்கும். இப்போதைய சீனக் குற்றவியல் சட்டம், 1997 திருத்தம், பிரிவு 67. குத்தம் பண்ணினப்புறம் தானா ஆஜராகி நடந்தத உண்மையா சொன்னா அது ட்ஸு ஷோ, அப்படிப்பட்டவனுக்கு தண்டனைய லேசாக்கலாம் இல்ல குறைக்கலாம், சின்னக் குத்தம்னா தண்டனையே இல்லாம விடலாம். சங்கர் ப்ரோ, அந்த 'லாம்'ங்கறத கவனிங்க. 'வேண்டும்' இல்ல, 'லாம்'. உங்க ரெண்டாவது சீரியல் பையன் செத்தது அந்த 'லாம்'ல.

நடைமுறையில அளவுகோல் இருக்கு, சுப்ரீம் மக்கள் கோர்ட் குடுத்த தண்டனை வழிகாட்டுதல்படி ட்ஸு ஷோவுக்கு அடிப்படை தண்டனையில 40% வரைக்கும் கழிக்கலாம், சின்னக் குத்தம்னா அதுக்கு மேலயும். புடிச்சுட்டு வந்தப்புறம் உண்மைய சொன்னா அதுக்கு வேற பேரு, கழிவும் பொதுவா 20% வரைக்கும்தான். இது 2011ல்தான் சட்டத்துக்குள்ளயே ஏறுச்சு.

பழைய சட்டத்தோட ஒப்பிட்டா ரெண்டு பெரிய வித்தியாசம். ஒண்ணு, குத்தம் வெளிய தெரியறதுக்கு முன்னாடின்னு நிபந்தனை இல்ல, ஊரே தேடிட்டு இருந்தாலும் போலீஸ் கையில சிக்கறதுக்கு முன்னாடி வந்தா போதும். போன் பண்ணி சொல்லலாம், ஸ்டேஷனுக்கு நடந்து போற வழியில புடிபட்டாலும், நான் சரணடையத்தான் போயிட்டு இருந்தேன்னு நிரூபணம் ஆனா செல்லும். ரெண்டாவது, விதிவிலக்கு பட்டியலே இல்ல. கொலைகாரனும் வரலாம், வந்தா ட்ஸு ஷோதான். கதவ அகலமா தொறந்து வெச்சிருக்கான், உள்ள வந்தவனுக்கு என்ன கிடைக்கும்னு மட்டும் எழுதிக் குடுக்கல.

உங்க சீரியல் கதை நிஜத்துல நடந்தத வெச்சு எடுத்ததான்னு தெரியல, ஆனா அச்சு அசல் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. 2010 அக்டோபர், சீஆன் நகரம், இசைக் கல்லூரி மாணவன் ஒருத்தன் ராத்திரி கார்ல ஒரு பெண்ண இடிச்சுடறான். இறங்கிப் பாத்தா அவங்க இவன் நம்பர் பிளேட்ட பாக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு, கத்தியால 8 தடவ குத்தி கொன்னுட்டான். ரெண்டு நாள் கழிச்சு போலீஸ் கேட்டப்ப இல்லவே இல்லன்னு சாதிச்சவன், மறுநாள் அப்பா அம்மாவோட வந்து ஒத்துகிட்டான். கோர்ட்டும் இது ட்ஸு ஷோதான்னு ஏத்துக்கிச்சு. ஏத்துகிட்டு, ஆனா பண்ணின காரியம் ரொம்ப கொடூரம், குறைக்க மாட்டோம்னு மரண தண்டனை. 2011 ஜூன் 7 நிறைவேத்திட்டாங்க.

அதே சமயம் யுன்னான்ல வேற ஒரு வழக்கு, ஒருத்தன் ஒரு இளம்பெண்ணையும் அவளோட 3 வயசு தம்பியையும் கொன்னுட்டு நாலு நாள் கழிச்சு சரணடைஞ்சவன். கீழ்கோர்ட் மரண தண்டனை, 2011 மார்ச்ல மாகாண ஹைகோர்ட் ட்ஸு ஷோவ காரணம் காட்டி ரெண்டு வருஷ ஒத்திவைப்போட மரண தண்டனையா மாத்திச்சு, அங்க அப்படின்னா பெரும்பாலும் உயிர் தப்பிச்ச மாதிரி. ஒருத்திய கொன்னவன் செத்தான், ரெண்டு பேர கொன்னவன் பொழைப்பானான்னு ஜனங்க கொதிச்சுட்டாங்க. ஆகஸ்ட்ல அதே ஹைகோர்ட் மறுவிசாரணை பண்ணி திரும்ப மரண தண்டனை, செப்டம்பர் கடைசியில நிறைவேத்தியாச்சு. என் கருத்து, 'லாம்'னு எழுதி வெச்சா இதுதான் நடக்கும், கூட்டம் எவ்வளவு சத்தம் போடுதோ அதுக்கு ஏத்த மாதிரி முள் ஆடும்.

வம்பு_வாசு:

எல்லாரும் ரொம்ப பெருமையா பேசறீங்க, ஆனா இது என்னன்னா ஜனங்கள தானா வாயத் தொறக்க வெக்கற டெக்னிக், அவ்ளோதான். தாங்குக்கு அப்புறம் வந்த சோங் ராஜவம்ச காலத்துல ஆ யுன்னு ஒரு பொண்ணு கேஸ் இருக்கே, அவள அடிப்பேன்னு மிரட்டினப்புறம்தான் ஒத்துகிட்டா, அதையும் சரணாகதின்னு சொல்லி ராஜசபையில இருந்த வாங் ஆன்ஷி காப்பாத்தினாரு, 17 வருஷம் கழிச்சு அவரோட அரசியல் எதிரி சீமா குவாங் அதிகாரத்துக்கு வந்து பழிக்குப் பழியா அந்தப் பொண்ண தேடிப் புடிச்சு தலைய வெட்டினாரு. இதுதான் உங்க மன்னிப்பு சட்டத்தோட லட்சணம்.

பழைய_ஓலை:

வாசு, முன்பாதி சரி, கடைசி வரி நெட்ல சுத்தற கதை. சோங் வரலாற்றுல அவள கொன்னதா எங்கயும் இல்ல. சீமா குவாங் 1085ல அதிகாரத்துக்கு வந்தப்ப விதிய திரும்ப இறுக்கினாங்க, அது உண்மை, அதுல இருந்து யாரோ சீரியல் கிளைமாக்ஸ் மாதிரி ஒரு தலைவெட்ட சேத்துட்டாங்க.

ஆனா கேஸ் தங்கமான கேஸ், எடுத்துக் குடுத்ததுக்கு நன்றி. 1068, ஷாண்டோங் பக்கம் டெங்சோ. அம்மா செத்து துக்கம் காக்கற சமயத்துலயே ஆ யுன்ன ஒருத்தனுக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க. ஆள் பாக்க சகிக்கலன்னு, அவன் வயக்காட்டு குடிசையில தூங்கும்போது இவ கத்தியோட போய் பத்துக்கு மேல வெட்டு வெட்டியிருக்கா, பாவம் பழக்கம் இல்லாத கை, ஆள் சாகல, ஒரு விரல் மட்டும் துண்டாச்சு. திருடன்தான் வெட்டியிருப்பான்னு தேடினாங்க, கிடைக்கல, இவ மேல சந்தேகம் வந்து புடிச்சு விசாரிச்சு அடிக்கப் போற நேரத்துல சொல்லிட்டா. வாசு சொன்ன மாதிரி இது தானா வந்தது இல்ல. ஆனா விசாரணையில அடி விழறதுக்கு முன்னாடி வாயத் தொறந்தாலும் ரெண்டு படி குறைப்புன்னு அப்ப ஒரு விதி இருந்தது.

மாவட்ட அதிகாரி ஷூ ட்ஸுன் அதப் புடிச்சுகிட்டாரு. துக்க காலத்துல நடந்த நிச்சயம் செல்லாது, அதனால இது புருஷன கொல்லப் பாத்த கேஸ் இல்ல, குறைப்பும் உண்டுன்னாரு. தலைநகர் நீதி அலுவலகம் கழுத்த நெரிச்சுக் கொல்லணும்னுச்சு. ரெண்டு படி இறங்கினா 3 வருஷம் கட்டாய வேலை, அதான் வித்தியாசம், உயிர். பேரரசர் ஷென்சோங் உயிர மட்டும் விட்டுடுங்கன்னு கருணை காட்டினாரு, ஷூ ட்ஸுன் அதையும் ஏத்துக்கல, கருணை வேண்டாம், சட்டப்படியே அவளுக்கு குறைப்பு உண்டுன்னு மல்லுக்கட்டினாரு. எனக்கு இந்தக் கேஸ்லயே புடிச்ச ஆள் அவர்தான், வாங் ஆன்ஷியும் இல்ல சீமா குவாங்கும் இல்ல.

சண்டை எதுலன்னா, காயத்துக்கு மன்னிப்பு இல்ல, ஆனா காயத்துக்குக் காரணமா இருந்த முதல் குத்தத்துக்கு மன்னிப்பு உண்டுன்னு சட்டம். திருடப் போய் ஆள வெட்டிட்டு சரணடைஞ்சா திருட்டு போயிடும், வெட்டு நிக்கும். சரி, திட்டம் போட்டு வெட்டினா? திட்டம் தனி, வெட்டு தனி, திட்டத்த கழிச்சுடலாம்னு வாங் ஆன்ஷி. திட்டம் போட்டு கொல்றதுங்கறது ஒரே குத்தம், அத ரெண்டா பிளக்க முடியாதுன்னு சீமா குவாங். ஒரு வருஷத்துக்கு மேல ராஜசபையே ரெண்டா நின்னுச்சு. ஒத்துக்க வழி விடலேன்னா குத்தவாளி திருந்தவே வழி இல்லாம போயிடும்னு வாங் ஆன்ஷி பேசினாரு, பேரரசரும் அவர் பக்கம்தான். சட்டத்த மட்டும் பாத்தா சீமா குவாங் சொன்னதுதான் சரின்னு எனக்குத் தோணுது, ஆனா அந்தப் பொண்ணு பொழைச்சதுல சந்தோஷம், ரெண்டும் சேந்தே இருக்கட்டும்.

குவாங்சோ_ரிட்டர்ன்:

நான் குவாங்சோவுல துணி ஏத்துமதி கம்பெனியில ஆறு வருஷம் இருந்தேன். அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச எட்டு எழுத்து கோஷம் ஒண்ணு இருக்கு, ஒத்துகிட்டா கருணை, எதுத்தா கடுமைன்னு. பழைய போலீஸ் படத்துல விசாரணை ரூம் சுவத்துல பெரிசா எழுதியிருக்குமே அதான். ஆபீஸ்ல எவனாவது பேன்ட்ரில பிஸ்கட்ட காலி பண்ணிட்டா கூட அதச் சொல்லித்தான் மிரட்டுவாங்க. ஆனா அதுக்கு ஜனங்க சேத்த பாதி இன்னும் பிரமாதம், ஒத்துகிட்டா ஜெயில் தரை தேய உக்காரு, எதுத்தா வீட்டுக்குப் போய் புதுவருஷம் கொண்டாடு. சீனத்துல எதுகை மோனையோட இருக்கும், என் தமிழ்ல வராது. எங்க கிடங்குல இருந்த ஒரு பெரியவர் இத சொல்லிட்டு தானே சிரிச்சு இருமுவாரு.

இப்பல்லாம் ஊழல் அதிகாரிங்க தானா போய் ஆஜரானாங்கன்னு நியூஸ் அடிக்கடி வருது. யுன்னான் மாகாண கட்சித் தலைவரா இருந்த சின் குவாங்ரோங் 2019ல தானா போனாரு, 2 கோடி யுவானுக்கு மேல லஞ்சம், 2021ல 7 வருஷம்தான். அதே அளவு வாங்கினவனுக்கு சாதாரணமா 10க்கு மேல. பெரிய இடத்துல 'லாம்' நல்லாவே வேலை செய்யுது வக்கீல் சார்.

சப்டைட்டில்_சங்கர்:

ரிட்டர்ன் அண்ணே அந்த ஜோக்க எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுட்டேன் 😂 வக்கீல் சார் இன்னொண்ணு, அந்த சீரியல்ல பையன் தானா வரல, அப்பா கையப் புடிச்சு இழுத்துட்டு வர்றாரு. கட்டி இழுத்துட்டு வந்தா கூட தானா வந்த கணக்கா?

கருப்புக்கோட்டு:

நல்ல கேள்வி, இதுக்கு கோர்ட்டே பதில் எழுதி வெச்சிருக்கு. அப்பா அம்மா பேசி புரிய வெச்சு கூட வந்தா ட்ஸு ஷோ. கயிறு போட்டு கட்டி தூக்கிட்டு வந்தா 2010 வழிகாட்டுதல்படி அது தானா வந்தது ஆகாது, ஆனா அப்புறம் உண்மைய சொன்னா அத மனசுல வெச்சு கொஞ்சம் லேசாக்கலாம். கையப் புடிச்சு இழுக்கறது எதுல வரும்னா, பையன் காலு நடந்துச்சா இழுபட்டுச்சான்னு பாப்பாங்கன்னு நெனைக்கறேன் 😀

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது பை விவகாரம். ரயில்வே ஸ்டேஷன்ல ஒருத்தன் முழிக்கற முழி சரியில்லன்னு போலீஸ் நிறுத்தி கேக்கறான், அவன் அங்கயே நான் ஒரு கடைய ஒடைச்சேன்னு சொல்லிட்டா ட்ஸு ஷோ. அதே ஆளோட பையத் தொறந்து உள்ள திருட்டுச் சாமான் கிடைச்சப்புறம் சொன்னா இல்ல. அக்கா சொன்ன 'வெளிய தெரியறதுக்கு முன்னாடி' இங்க ஒரு ஜிப் அளவுக்கு சுருங்கிப் போய் உக்காந்திருக்கு.

இன்னொரு கூத்து, வண்டிய இடிச்சுட்டு அங்கயே நின்னு அடிபட்டவன காப்பாத்தி போலீஸுக்கு சொன்னாலும் ட்ஸு ஷோதான், ஆனா அது உன் கடமைதானே, அதனால சலுகைய தாராளமா குடுக்காதேன்னு இருக்கு. ஓடிப்போயிட்டு அப்புறம் வந்தவனுக்கும் ட்ஸு ஷோ உண்டு, அவனுக்கு ஓடினதுக்கான பெரிய தண்டனையில இருந்து கணக்கு ஆரம்பிக்கும்.

வம்பு_வாசு:

அப்போ பழைய சட்டம் எங்கயுமே இல்லையா இப்ப?

பழைய_ஓலை:

தைவான்ல ஒரு துண்டு இருக்கு. 1935ல சீனக் குடியரசு போட்ட குற்றவியல் சட்டம் அங்க இன்னும் நடக்குது, 62வது பிரிவுல 'வெளிய தெரியாத குத்தம்'ங்கற அந்த தாங் நிபந்தனை அப்படியே இருக்கு. முழு மன்னிப்பு போயிடுச்சு, ஆனா தண்டனைய குறைக்கணும்னு கட்டாயமா இருந்தது. அப்புறம் சிலபேர் எப்படியும் குறையும்னு கணக்கு போட்டுகிட்டே குத்தம் பண்றாங்கன்னு சொல்லி 2005ல திருத்தி, 2006 ஜூலையில இருந்து அங்கயும் 'லாம்' ஆக்கிட்டாங்க. உங்க கட்சிக்கு ஒரு பாயிண்ட் எடுத்துக்கோங்க வாசு.

சப்டைட்டில்_சங்கர்:

எல்லாருக்கும் தேங்க்ஸ் மக்களே. அக்கா, ஒரே ஒரு கடைசி கேள்வி, அந்த வானசாஸ்திரம் படிச்சவன் என்னதான் பண்ணுவான், யார்கிட்டயும் சொல்லாம சும்மா இருந்துட வேண்டியதுதானா?

பழைய_ஓலை:

ஆமா தம்பி, ராத்திரி மாடிக்குப் போனா குனிஞ்சே நடக்கணும்.